இரத்தக்கொதிப்பு: என் பழைய சாட்சிக்கு ஒரு திருத்தம்

சென்ற ஆண்டு லெந்து உபவாச நாட்களில் நம் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் என் இரத்தக்கொதிப்பை அடியோடு எடுத்துப்போட்டார் என்று நான் சாட்சி சொன்னேன். பலருக்கு நினைவிருக்கும். கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி தவறு. கர்த்தர்மேல் தவறில்லை, சொன்னவள்மேல்தான்.

நான் சுவா பக்கத்து எஸ்டேட்டில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைப்பது என் வேலை. கணவர் மணியம் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். கிறிஸ்துமஸுக்கு சபைக்கு வருவார். மற்ற நாட்களில் சாப்பாடு உண்டென்று அறிவித்தால் வருவார்.

மூன்று நாள் உபவாசத்தின் முடிவில் என் தலைவலி நின்றது. அதையே சுகம் என்று எடுத்துக்கொண்டேன். மாத்திரையை நிறுத்து என்று போதகர் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன். எனக்கு ஒன்றைச் சொல்லிவிட்டால் பின்வாங்கத் தெரியாது. பிறந்த வீட்டிலேயே அதற்குப் பேர் வாங்கியவள்.

சில மாதம் கழித்து கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் ஏறியிருந்தது. வெயிலில் நடந்து வந்தேன் என்று சமாளித்தேன். அங்கே நர்ஸாக இருக்கிற புனிதா மிஸ்ஸி ஒரு சின்ன மிஷினைக் கொடுத்து அனுப்பினார். காலையும் மாலையும் வீட்டிலேயே கையில் கட்டி, திரையில் வரும் எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

முதல் நாள் காலை 184, 102 என்று வந்தது. நோய்க்குப் பயப்படவில்லை. மிஸ்ஸியின் அம்மா நம் சபையில்தான் இருக்கிறார். விஷயம் அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்றுதான் பயந்தேன். கணவர் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கையை இழுத்துக் கட்டினேன்.

“ஏய், எனக்கு ஏன் கட்டுற?”

“மிஷின் சரியா இருக்கான்னு பாக்கத்தான். பேசாம இருங்க.”

124, 76. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். மறுநாளும் அப்படியே செய்தேன். மூன்று வாரம் இது நடந்தது. மிஸ்ஸியிடமிருந்து தினமும் கட்டைவிரல் படம் வரும். என் மனமும் மரத்துப்போயிற்று.

கணவர் எண்ணுக்குப் பக்கத்தில் அடிக்கடி ஒரு குட்டி இதயம் வரும். அதன் நடுவே கோணல்மாணலாக ஒரு கோடு. என் கையில் கட்டியபோது அது வரவில்லை. நல்ல எண் வந்தால் மிஷின் கொடுக்கும் பாராட்டு என்று நினைத்தேன். சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. கூட வந்த புத்தகத்தைப் படித்திருக்கலாம். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, என் சோம்பலுக்கு நல்ல சாக்கு.

ஒரு வியாழக்கிழமை மிஸ்ஸி போன் செய்தார்.

“அக்கா, நீங்க அனுப்புற படத்துல இதயக் குறி அடிக்கடி வருது. துடிப்பு ஒழுங்கா இல்லன்னா வர்ற குறி அது. டாக்டர் இசிஜி எடுக்கணும்னு சொல்றாரு. நாளைக்கே வாங்க.”

அன்று மாலை முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, நாளைக்கு எடுக்கிற இசிஜியில் ஒன்றும் இருக்கக் கூடாது. என்னை வெட்கப்படுத்தாதேயும்.” இவ்வளவுதான் கேட்டேன். அந்த இதயம் யாருடையது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இசிஜி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. பிரஷர் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது. பயத்தில் ஏறியிருக்கும் என்று மிஸ்ஸியே சொன்னார்.

“மிஷின்தான் ரோசாக் போல, கெட்டுப் போயிருக்கும். வேற மிஷின் தரேன்க்கா.”

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் மிஷின் கெடவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“மிஸ்ஸி, அது என் கை இல்ல.”

“என்னக்கா சொல்றீங்க? யாரு கை?”

“அவரு கை. மூணு வாரமா அவரு கையிலதான் கட்டுனேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். “இப்ப எங்க இருக்காரு?” என்றுதான் கேட்டார்.

“லோரி ஓட்றாரு.”

உடனே அவரைக் கூப்பிடச் சொன்னார். போன் அடித்து அடித்து நின்றது. செம்பனை எண்ணெய் மில்லுக்குப் போகிற வழியெல்லாம் வளைவு, ஸ்கூல் பிள்ளைகள் நடக்கிற ரோடு. நின்ற இடத்திலேயே ஜெபித்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஆண்டவரே, அந்த லோரி எங்காவது நிற்கட்டும்.” அவ்வளவுதான்.

நாலாவது முறை எடுத்தார்.

“என்ன ராணி? மில்லுல பாய்லர் ரோசாக். ஒரு மணி நேரமா வரிசையில நிக்கிறேன் லா, எரிச்சலா வருது.”

அழுதுவிட்டேன். லோரியை அங்கேயே விடச் சொன்னேன். கூட வேலை செய்கிறவர் காரில் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கும் இசிஜி எடுத்தார்கள். டாக்டர் தாளைக் காட்டினார். துடிப்பு தாறுமாறாக இருந்தது. இப்படியே விட்டால் இரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளாக லோரியில் ஏறவே மூச்சு வாங்குகிறது என்று அங்கே போன பிறகுதான் அவரே வாயைத் திறந்தார். வயதாகிறது என்று நினைத்தாராம்.

மிஸ்ஸி எனக்கென்று மிச்சம் வைத்திருந்ததைப் பிறகு சொன்னார். “உங்க நம்பர நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுறாரு. அவரு நம்பர வச்சு உங்களுக்கு மருந்து எழுத முடியுமாக்கா?”

இப்போது அவர் இரத்தம் கட்டாமலிருக்க மருந்து எடுக்கிறார். லோரி ஓட்டுவதில்லை. எஸ்டேட் வாசலில் காவல் வேலை. நான் மறுபடியும் மாத்திரை சாப்பிடுகிறேன். கைப்பேசியில் எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனிப் பதிவு இருக்கிறது. “பாய்லர் கெட்டதுக்கும் உன் சாமிதான் காரணமா?” என்று கேலி செய்கிறார். ஆமாம் என்கிறேன். அதற்காக அவர் மனம் மாறி வாராவாரம் சபைக்கு வருகிறார் என்று எழுத மாட்டேன். வரவில்லை.

சென்ற வாரம் சி ரூசா ஊரிலிருந்து ஒரு சகோதரி போன் செய்தார். “அக்கா, அன்னிக்கு உங்க சாட்சியக் கேட்டுட்டு நானும் மாத்திரைய விட்டுட்டேன். இப்ப தல சுத்துது.” அன்று மதியமே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இந்தத் திருத்தத்தை எழுத அவர்தான் காரணம்.

என் பேச்சைக் கேட்டு மருந்தை விட்டவர்கள் இன்னும் இருந்தால், மன்னியுங்கள். இன்றே கிளினிக்குக்குப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஜெபத்தையும் விடாதீர்கள். கர்த்தர் கேட்கிறவர். உள்ளதைச் சொல்லிக் கேட்டாலும் கேட்பார், நாம்தான் ஒளிக்கிறோம்.

இன்று காலை எனக்கு 148, 90. இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் டாக்டர். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.