முப்பத்தெட்டுக் கடைசிக் கதவுகள்

எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு அலமாரி. அதில் முப்பத்தெட்டு வீடியோ கேம்கள். எல்லாம் நான் ஆசைப்பட்டு வாங்கியவை, ஒன்றைக்கூட முடித்ததில்லை. ஐம்பத்தொரு வயதில் ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று டாக்டர் கேட்டபோது, "வேலை ஜாஸ்தி சார்" என்றேன். பனிமலையில் ஓநாய்களுக்கு நடுவே ஒரு வீரனைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நேரமில்லை என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியும் நம்பினாள், போன அரையாண்டு விடுமுறை வரைக்கும். அவள் கணக்கு டீச்சர். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கியவள், அந்த அலமாரி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விடைத்தாள் திருத்திய அதே சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தாள்.

"ஒவ்வொண்ணாப் போடுங்க. எதுல எங்க நிக்கிறீங்கன்னு பாத்துடலாம்."

போட்டேன். இரண்டு மத்தியானம் பிடித்தது. முதல் பத்து கேம்வரை நோட்டில் எழுதினாள். அப்புறம் வெறுமனே பார்த்தாள். கடைசியில் பேனாவை மூடினாள்.

"நேரமில்லாதவங்க நடுவுலதான் விடுவாங்க. நீங்க ஒண்ணுலகூட நடுவுல விடல. எல்லாத்துலயும் கடைசிக் கதவு வரைக்கும் போய் வாசல்லயே நிக்கிறீங்க. எல்லாப் பாடமும் படிச்சிட்டு, பரீட்சை ஹாலுக்குள்ள வராம மரத்தடியில நிக்கிற பையன் மாதிரி."

சத்தியமாக, அதுவரை எனக்கே தெரியாது. முப்பத்தெட்டு ராட்சசர்கள் முப்பத்தெட்டுக் கதவுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் போட்டது மலையேறும் கேம். திரையில் பனிப்பாறை விளிம்பில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருவர் இடுப்பையும் ஒரே கயிறு கட்டியிருந்தது.

"சிவப்புத் தொப்பி நீங்க. பச்சைத் தொப்பி யாரு?" என்றாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். "உங்க கண்ணாடிக்கடைக்காரர். அவர் நம்ம வீட்டுக்கு வந்து மூணு வருஷம் இருக்குமா?"

இருக்கும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் அவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அவன் அப்பா காலத்துக் கடை. வீட்டில் உருது, கடையில் மெட்ராஸ் பாஷை, என்னிடம் இரண்டிலும் வசவு. எனக்கு முதல் மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டவன் அவன்தான். ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவான், நானும் அவனும் அந்த மலையில் ஏறுவோம். ஒருவன் குதிக்க வேண்டும், மற்றவன் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். உச்சிக்கு ஒரே ஒரு தாவல் பாக்கி. தாவ வேண்டியவன் நான்.

"காபி குடிக்கிறியா?" என்று கேட்டு ஆட்டத்தை நிறுத்தி வைத்தேன். உலகத்திலேயே மெதுவாக டிக்காஷன் இறக்கினேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் தண்ணீர் லாரி வந்தது. அதற்கடுத்த வாரம் பல்வலி. அப்புறம் கேஸ் சிலிண்டர். அவன் வருவது நின்றுபோயிற்று. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். காபிக்காக யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

மனைவி தீர்ப்பு எழுதினாள். "போகிக்குள்ள ஒண்ணே ஒண்ணு முடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா மெஷினோட எல்லாம் இந்த வீட்டை விட்டு வெளிய போயிடும்."

மூன்று வாரம். முதலில் தனியாக முடிக்கக்கூடியதாக ஒன்றை எடுத்தேன். கதவைத் திறந்தேன், ராட்சசன் எழுந்தான், என் வீரனோ தானாகவே இடது பக்கம் நடந்துபோய் எரிமலைக் குழம்பில் விழுந்தான். நான் பட்டனைத் தொடவேயில்லை. மறுபடியும் போட்டேன். மறுபடியும் இடது பக்கம். எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். "கன்ட்ரோலர் ரிப்பேர்! நான் என்ன பண்ண முடியும்?"

அவள் கன்ட்ரோலரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சின்னச் சின்ன ஸ்க்ரூ கழட்டத் தெரிஞ்சவர் ஒருத்தர் மயிலாப்பூர்ல இருக்காரே" என்றாள்.

கடை வாசலை மூன்று முறை கடந்து போனேன். முதல் முறை அவனிடம் ஒரு அம்மாள் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை எனக்கு வியர்த்தது. மூன்றாவது முறைக்குக் காரணமே இல்லை.

"நாலாவது தபா போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உள்ள வா. இன்னா, கண்ணு தெரியலியா, கடை தெரியலியா?"

கன்ட்ரோலரை நீட்டினேன். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீண்ட மன்னிப்பில் ஒரு எழுத்துகூட வாயில் வரவில்லை. "இடது பக்கமே போகுது" என்றேன்.

அவன் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தான். தோள்கள் குலுங்கத் தொடங்கின. "மச்சி, இதுக்கு எதுக்குய்யா பொட்டு வெச்சிக்கீறே?"

ஆயுத பூஜை! எல்லா ஆயுதங்களோடும் இதையும் வரிசையில் வைத்து, பக்தி மிகுதியில் சந்தனத்தைக் குழைத்து நட்ட நடுவில், கட்டைவிரல் வைக்கும் குச்சியின் தலையிலேயே அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தேன். அது மூன்று மாதமாக உள்ளே இறங்கிக் காய்ந்து, என் வீரனை இடது பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

ஊசிபோன்ற திருப்புளியால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினான். கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, சுரண்டிச் சுரண்டிச் சந்தனத்தை எடுத்தான். அதோடு சேர்ந்து என் கடைசிச் சாக்கும் போயிற்று.

மூடும்போது தலை நிமிராமல் கேட்டான். "நம்ம ரெண்டு பேரும் அந்த மல மேல இன்னும் நின்னுகினுதான் கீறோமா?"

"நிக்கிறோம்."

"குளுர்ல கெடக்கறான்யா என் ஆளு, மூணு வருஷமா. ஞாயித்துக்கெழம வரேன்."

போகிக்கு முந்தின ஞாயிறு, பழையபடி தன் கன்ட்ரோலரோடு வந்தான். சோபாவில் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். நாங்கள் தொடங்குவதற்கு முன்பே மனைவி ஒரு ஃபிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்து எங்கள் முன்னால் டொக்கென்று வைத்தாள். "காபி இதோ இருக்கு. யாரும் எழுந்து போக வேண்டாம்."

தாவினேன், விழுந்தேன். விழுந்தால் இருவரும் சேர்ந்து கயிற்றில் ஊசலாடி, மறுபடி விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்பது முறை ஊசலாடினோம். கை வியர்த்து கன்ட்ரோலர் வழுக்கியது.

"தாவுறப்போ கண்ண மூடிக்கிறே நீ" என்றான். "நான் போட்டுக் குடுத்த கண்ணாடிய்யா அது. தொறந்து பாக்கத்தான் குடுத்தேன்."

"பயமா இருக்குடா."

"இன்னாத்துக்கு? விழுந்தா நான்தானே புடிக்கப் போறேன்."

"விழறதுக்கு இல்ல." திரையையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "முடிஞ்சிட்டா நீ அப்புறம் வர மாட்டேன்னு நெனச்சேன்."

அவன் தன் கன்ட்ரோலரை மடியில் வைத்தான். மலையில் காற்று மட்டும் ஊளையிட்டது.

"அதனால, மூணு வருஷம் வராத மாதிரி பண்ணிட்டே" என்றான். "பலே. எந்த ஸ்கூல்ல படிச்சே நைனா? உங்க வூட்டு டீச்சர்கிட்ட கேட்டுட்டாவது பண்ணியிருக்கலாம்ல?"

சமையலறையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர்தான்.

பத்தாவது முறை கண்ணைத் திறந்துகொண்டே தாவினேன். கட்டைவிரல் பழக்கத்தில் ஆட்டத்தை நிறுத்தும் பட்டனைத் தேடிப் போனது. இழுத்து அடக்கினேன். சிவப்புத் தொப்பி காற்றில் தொங்கியது. பச்சைத் தொப்பி கயிற்றை இழுத்தது. பாறை கைக்கு வந்தது.

உச்சியில் ஒரு கொடி. கொஞ்சம் சூரியன். அப்புறம் கேமைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டே இருந்தன.

"அவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதான்."

"இதுக்காடா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். நன்றாகவே வலித்தது. இருவரும் ஆறிப்போன காபியைக் குடித்தோம்.

கிளம்பும்போது அலமாரி முன்னால் குனிந்து மற்ற முப்பத்தேழையும் பார்த்தான். "இதெல்லாம் இங்க வெச்சிகினா உருப்படாது. எடுத்துகினு என் கடைக்கு வா. வெள்ளிக்கெழம மத்தியானம் ஆள் வராது. அங்க அடுப்பும் கெடையாது, காபி போட."

போகியன்று காலை தெருவெல்லாம் புகை, பிள்ளைகளின் கொட்டுச் சத்தம். ஒரு கிழிந்த பாயையும் இரண்டு பழைய துடைப்பங்களையும் வெளியே போட்டோம். பிறகு மெஷினையும் டிஸ்க்குகளையும் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பையில் வைத்து ஸ்கூட்டரில் மாட்டினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"போகிக்கு மெஷின் வெளிய போகும்னேன். போகுது" என்றாள், நூற்றுக்கு நூறு வாங்கியவள்போல.

அந்த வெள்ளிக்கிழமை கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி ஃப்ரேம்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்லாவுக்குப் பக்கத்துச் சின்ன டிவியில் பனிமலை, ஓநாய்கள், என் வீரன். அவனுக்கு முன்னால் கதவு.

"தொற" என்றான்.

எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. திறந்தேன்.