மோட்டார் ரூம் அட்டையில் அண்ணன் கையெழுத்து

நாலு வயதில் யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை. தூக்கிக்கொண்டு போகிறார்கள். லிப்ட்காரனை அவன் அம்மா தோளில் போட்டுக்கொண்டு இந்த நாட்டுக்குள் வந்தபோது அவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். சட்டப்படி பார்த்தால் அனுமதியில்லாமல் உள்ளே வந்து தூங்கியிருக்கிறான். முதல் குற்றமே மகா சோம்பேறித்தனமான குற்றம்.

அம்மா அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். குப்பையோடு குப்பையாகத் தங்கள் தடயத்தையும் கூட்டித் தள்ளினாள். வந்த கடிதத்தைக் கிழித்தாள். வீட்டு ஒப்பந்தத்தைப் பக்கத்துவீட்டுக்காரி பேரில் போட்டாள். பள்ளியில் போட்டோ எடுக்கும் நாளில் பையனுக்குத் தவறாமல் காய்ச்சல் வந்தது; உடம்பு சுடாத காய்ச்சல். வீட்டில்கூடத் தன் பாஷையில் பேசுவதை நிறுத்திவிட்டாள், சுவருக்குக் காது கேட்கும் என்று. அதனால் பிறந்த நாட்டுப் பாஷையில் அவனுக்கு மூன்றே சொற்கள் தெரியும்: தண்ணி, தூக்கு, பயமா இருக்கு.

நாலு வருஷத்துக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள். யாருக்கும் தெரியாமல் வாழ்ந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். வாழ்ந்தும் காட்டினாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

இப்படிச் சின்ன வயதில் கொண்டுவரப்பட்டவர்களை என்ன செய்வது என்று நாட்டின் பெரியவர்கள் நெடுநாளாக யோசித்தார்கள். திருப்பி அனுப்பு என்றது ஒரு தரப்பு. பாவம், குழந்தைகள் என்றது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் யோசித்து முடிப்பதற்குள் குழந்தைகளுக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்தது. கடைசியில் ஒரு விதி வந்தது. வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் இங்கேயே இருந்ததாகக் காகிதத்தில் காட்டுகிறவர் இருக்கலாம். காட்ட முடியாதவர் விமானம் ஏறலாம்.

லிப்ட்காரனுக்கு வயது முப்பத்தொன்று. பதினாறு வரை பள்ளிப் பதிவு இருந்தது. இருபதிலிருந்து போன் பில் இருந்தது.

"பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இந்த மூணு வருஷமும் எங்க இருந்தீங்க?" என்றார் வக்கீல்.

"இங்கதான் சார்."

"எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரியணுமே. ஆஸ்பத்திரிச் சீட்டு, ஏதாவது?"

"உடம்புக்கு வந்தா அம்மா விட மாட்டாங்க சார்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"உடம்புக்கே வர விட மாட்டாங்க."

வக்கீல் பேனாவை மூடப்போனார். அப்போதுதான் அவன் மெதுவாகச் சொன்னான், "அட்டை இருக்கு சார்."

லிப்ட் உள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டைமாடிக்கு மேலே மோட்டார் ரூம் என்று ஒரு பொந்து உண்டு. லிப்ட் அதுவரை போகாது. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். உள்ளே ஆணியில் ஓர் அட்டை தொங்கும். மாதாமாதம் பிரேக் பார்த்தது, கயிற்றுக்கு எண்ணெய் விட்டது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, லைசென்ஸ் உள்ள மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூணு வருஷத்து அட்டைகள் அவன் வேலை பார்த்த ஏழு கட்டடங்களில் பத்திரமாக இருந்தன.

"அதுல உங்க கையெழுத்து இருக்கா?"

"என் கையெழுத்துதான் சார். பேருதான் அண்ணனோடது."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் என்றது கூடப் பிறந்தவரை அல்ல. பதினேழு வயதில் ஆதாரம் ஏதும் கேட்காமல் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட மெக்கானிக்கை. லைசென்ஸ் அண்ணனுடையது. முட்டியும் அண்ணனுடையது, அது ஏணி ஏறாது. அதனால் அவர் கீழே உட்கார்ந்துகொள்வார், இவன் மேலே போய் அவராகக் கையெழுத்துப் போடுவான். எவருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. பதினாலு வருஷத்தில் எந்த லிப்ட்டும் விழவில்லை.

வக்கீல் சொல்லி அனுப்பியபடி அண்ணன் வீட்டுக்குப் போனான். "அண்ணே, விசாரணையில வந்து, இது என் கையெழுத்து இல்ல, இவன் போட்டதுன்னு சொல்லணும். சொன்னா உங்க லைசென்ஸுக்கு ஆபத்துன்னு வக்கீல் சொல்றாரு."

"ஆமா, பெரிய லைசென்ஸு! நீ போயிட்டா அதை வச்சு நான் விசிறிக்கவா? எவன்டா ஏணி ஏறுவான், உங்க அண்ணியா?"

"என்னை ஏன் இழுக்கிறீங்க?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"வர்றேன்டா. வந்து சொல்றேன்."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

விசாரணை அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஓடாத மின்விசிறி. அதிகாரியம்மா நல்ல மாதிரி. எல்லாரையும் உட்காரச் சொன்னார். அட்டைகளை வரிசையாகப் பரப்பி, அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம். என்னோடதுதான்."

பயந்து சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா, தெரியவில்லை. இத்தனை வருஷமாக எந்த ஆய்வாளர் அட்டையைக் காட்டிக் கேட்டாலும் அண்ணன் வாயிலிருந்து வந்த பதில் இது ஒன்றுதான். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் இவன். வாய் முந்திக்கொண்டிருக்கலாம். ஆனால் வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்கவும் அவர் முயலவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நீங்க இங்க இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று அதிகாரியம்மா இவன் பக்கம் திரும்பினார்.

அவன் அண்ணனையே பார்த்தான். அண்ணன் நிமிரவில்லை.

"ஒரு பேப்பர் குடுங்க மேடம்."

போட்டான். கீழே இன்னொன்று போட்டான். மொத்தம் ஆறு. ஆறும் அச்சு வார்த்த மாதிரி அட்டையில் இருந்ததைப் போலவே இருந்தன; கடைசி எழுத்தின் வால் உட்பட. பிறகு பேனாவை மூடினான், திரும்பத் திறந்தான். பேனாவை அண்ணன் பக்கம் நகர்த்தினான்.

"அவரையும் போடச் சொல்லுங்க மேடம்."

அண்ணன் போட்டார். முதல் எழுத்தே கோணியது. வால் எங்கோ போனது. தன் சொந்தக் கையெழுத்திலேயே அண்ணன் தோற்றுப்போனார்.

அதிகாரியம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டு லிப்ட்காரனிடம் கனிவாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்க. உங்களைக் கூட்டிட்டு வந்தது உங்க அம்மா செஞ்ச தப்பு. கையெழுத்துப் போட வச்சது இவரு செஞ்ச தப்பு. நீங்க அப்ப சின்னப் பையன். உங்க மேல ஒண்ணும் இல்ல."

சட்டத்துக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு! அவனுக்குச் சோறு போட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இருவரையும் குற்றவாளி ஆக்கி அவனைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டது. வாசலில் வக்கீல் கைகுலுக்கினார். அண்ணன் ஏற்கெனவே பஸ் ஏறியிருந்தார்.

இரண்டு வருஷம் இருக்கலாம் என்று கடிதம் வந்தது. அதே வாரம் அண்ணனுக்கும் ஒரு கடிதம் போனது, லைசென்ஸ் ரத்து என்று. ஏழு கட்டடங்களின் லிப்ட் வேலையும் ஒரு பெரிய கம்பெனிக்குக் கைமாறியது. லிப்ட்டுகளைத் தெரிந்த ஆள் வேண்டுமென்று கம்பெனி இவனையே வேலைக்கு எடுத்தது. சட்டையில் அவன் பேரைத் தைத்துக் கொடுத்தார்கள். மத்தியானம் மொட்டைமாடியில் தண்ணித்தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவான். கீழேயிருந்து கூப்பிட ஆளில்லாததால் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும்.

அண்ணனுக்கு போன் போட்டான். அண்ணி எடுத்தாள்.

"குளிக்கிறாருப்பா."

சாயங்காலம் போட்டான். குளித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, மத்தியானம், எப்போது போட்டாலும் குளியல். முட்டிவலிக்காரர் அந்த ஒரு வாரத்தில் பதினோரு தடவை குளித்தார்.

பன்னிரண்டாவது தடவையும் அண்ணிதான் எடுத்தாள். பின்னால் குழாய்ச் சத்தம் இல்லை. டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு இருமல் கேட்டது.

"அண்ணி, ஒரே ஒரு நிமிஷம். நான் வேணும்னு பண்ணல."

"இங்க இருக்கணும்னுதானே தம்பி கேட்ட?" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "இரு. நல்லா இரு."