மேம்பால ஏற்றத்தில் பிடித்த கம்பி

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு, சைக்கிளின் இரண்டு சக்கரங்களுக்கும் காற்றடித்தேன். பிரேக் கட்டைகளை விரலால் அழுத்திப் பார்த்தேன். பந்தய எண் எழுதிய துணியைச் சட்டையில் நான்கு மூலையிலும் ஊக்கால் குத்திக்கொண்டேன். மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை மெதுவாகவே மிதித்தேன். கால் சூடானால் போதும்.

ஆண்டுதோறும் பொங்கல் முடிந்து வரும் ஒரு ஞாயிறன்று எங்கள் சாலையில் சைக்கிள் பந்தயம் நடக்கும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். சென்னை கிளப்காரர்கள் காற்றுப்போல் எடையில்லாத சைக்கிள்களில் முதலில் கிளம்புவார்கள். கேரியரும் மட்கார்டும் வைத்த சைக்கிள்களில் தொழிற்சாலை ஆட்களான நாங்கள் பின்னால். அவர்களுக்கு இரண்டு சுற்று, எங்களுக்கு ஒன்று. அதனால் இரண்டாவது சுற்றில் அவர்கள் எங்களைப் பிளந்துகொண்டுதான் போக வேண்டும். முழங்கை விலாவில் இறங்கும். ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் கொளுவும். வசவு காதைக் கிழிக்கும். சாலையின் மறுபாதியில் கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தவன் பிழைக்க மாட்டான்.

அந்த ஆண்டு என்னோடு கோவில்பட்டிப் பக்கத்து இளைஞன் ஒருவன் ஓட்டினான். எங்கள் தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளன். நான் சோதிக்கும் லைனில் அவன் நட்டு முறுக்குபவன், கான்ட்ராக்ட் ஆள். மறுநாள் திங்கட்கிழமை கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நாள். அன்று லைனில் நிற்காதவனுக்கு வேலை இல்லை. ஊரில் அவன் சம்பளத்தை நம்பித்தான் வீடு நடந்தது. ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, விழாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கிளம்பும்போதே சொன்னான்.

சொன்னபடியே ஓரமாக ஓட்டினான். அவனைக் கெடுத்தது அன்றாடப் பழக்கம். ஷிப்ட் முடிந்து படப்பையில் உள்ள வாடகை அறைகளுக்குத் திரும்பும் பையன்கள் யாரும் ஒரகடம் மேம்பாலத்தை மிதித்து ஏறுவதில்லை. முன்னால் மெதுவாக ஏறும் லாரியின் பின்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள். லாரி இழுத்துக்கொண்டு போகும். அன்றும் ஏற்றத்தில், பந்தய அமைப்பாளர்கள் தண்ணீர் பாட்டில் ஏற்றி அனுப்பிய குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டி எங்களுக்கு முன்னால் மெதுவாக ஏறியது. அவன் வலது கை தானாக நீண்டு அதன் கம்பியைப் பிடித்தது. பந்தயம் என்பதே அவனுக்கு அந்தக் கணத்தில் மறந்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

நான் கத்துவதற்குள் கிளப்காரர்கள் பின்னால் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவன் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். இளைஞன் மல்லாந்து விழுந்தான். தலை தார்ச்சாலையில் மோதிய சத்தம் கேட்டது. பின்னால் வந்த நாலைந்து பேர் அவன்மேல் ஏறி உருண்டார்கள். எழுந்ததும் அதற்கும் சேர்த்து அவனை உதைத்தார்கள்.

"வண்டியப் புடிச்சிகினு ரேஸ் ஓட்டுவியாடா? இந்தக் கைதானே?"

முதலில் இழுத்தவன்தான் கேட்டான். பெடலில் மாட்டுவதற்காக அடியில் இரும்புக் கட்டை வைத்த ஷூ அவனுடையது. விரிந்து கிடந்த வலது கையின்மேல் அதை வைத்து முழு எடையோடு ஏறி நின்றான். காலைத் திருப்பினான். காய்ந்த குச்சி ஒடிவதுபோல் இரண்டு முறை கேட்டது.

நான் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மறுபடியும் அடித்தேன். எங்கள் ஆட்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். காற்றடிக்கும் பம்பு, செயின், தண்ணீர் பாட்டில் என்று கையில் அகப்பட்டதெல்லாம் பறந்தது. ஒருவனுடைய காது கிழிந்து தொங்கியது. மேம்பாலத்தின் மறுபாதியில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். போலீஸ் ஜீப் வந்த பிறகே கைகள் ஓய்ந்தன.

இளைஞன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலையில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. கையையே பார்த்தான்.

"அண்ணே, வெரல் மடங்க மாட்டேங்குது. நாளைக்கு லைன்ல நிக்கணும்லா."

அரசு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். புறங்கையில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். இரு பக்கமும் புகார் வேண்டாம் என்று அமைப்பாளர்கள் சமாதானம் பேசினார்கள். எங்களால் ஒரு மூக்கு உடைந்தது, அவர்களால் ஒரு கை உடைந்தது; கணக்குச் சரியாகிவிட்டதாக நினைத்தார்கள். இளைஞனிடம் யாரும் கேட்கவில்லை. சூப்பர்வைசருக்கு நான் போன் செய்தேன். ஆள் வந்து நின்றால் பார்க்கலாம், கட்டுப் போட்டவனை செக்யூரிட்டி உள்ளே விடமாட்டான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னதாகவே போனேன். சைக்கிள் ஸ்டாண்டின் மூலையில் எனக்காக அவன் காத்திருந்தான். கையில் மாவுக்கட்டு இல்லை. அறை நண்பர்கள் அதை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஹாக்சா பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். பிளேடு சதையில் இழுத்த கோடு மணிக்கட்டு வரை இருந்தது. கை ஊதி, கத்தரிக்காய் நிறத்தில் மின்னியது. இடது கையில் வேலைக்கான கையுறையை வைத்திருந்தான்.

"மாட்டி விடுங்கண்ணே. நீங்க பாட்டுக்கு இழுங்க, நான் சத்தம் போட மாட்டேன்."

அடையாள அட்டையின் நாடாவை மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டான். நான் பையைக் கீழே வைத்தேன். சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, உறை முழுவதும் ஏறும்வரை இழுத்தேன்.