ஆளில்லாத கரை

தொம்மலூரில், ஒரு மொபைல் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், ஏழு பேர் உட்கார்ந்து தீவுகளைச் சுத்தம் செய்கிறோம். நான் கடலை நேரில் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, மெரினாவில், அதுவும் அடை மழையில். ஆனால் எந்தத் தீவின் மணல் எந்த நிறம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பெரிய ரிசார்ட்டுகள் புகைப்படக்காரர்களை வரவழைத்து எடுக்கிற படங்கள் எங்களிடம் வரும். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு யாரும் கால் வைக்காத கரை வேண்டும். அப்படி ஒரு கரை உலகத்தில் கிடையாது, அதனால் நாங்கள் செய்து கொடுக்கிறோம். குடை நடுகிறவர், தட்டு எடுத்துப் போகிறவர், மணலைச் சீவுகிறவர் என்று படத்தில் இருக்கும் வேலைக்காரர்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் மணலைக் கொஞ்சம் பிரதி எடுத்து ஆளின் மேல் போட்டால் ஆள் மூடிப்போவார். "மண் போட்டாச்சா?" என்றுதான் ஆபீஸில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். சிரித்துக்கொண்டேதான் கேட்போம்.

என் தம்பிக்கு அப்படி ஒரு தீவில் வேலை வாங்கிக் கொடுத்தது எங்கள் முதலாளி. படம் அனுப்பும் ரிசார்ட்டில் ஆள் தேவை என்று அவருக்குத் தெரிந்தது, நான் கேட்டேன், அவர் ஒரு போன் போட்டார். தம்பிக்கு மணல் சீவும் வேலை. விருந்தாளிகள் எழுந்திருக்கும் முன்னால், முந்தின நாள் நடந்தவர்களின் கால் தடத்தை எல்லாம் நீளமான வாரியால் அழித்துவிட வேண்டும். அம்மா ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறாள். ஆக, அடுகோடியில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே தொழில், அடுத்தவன் நடந்த தடத்தை அழிப்பது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவான்.

"கேமராக்காரன் வந்தா எங்கள ஓரமா போகச் சொல்லுவாங்க அக்கா. நான் வேணும்னே மெதுவா போவேன். கைய மேல தூக்கிக் காட்டுவேன். நீ பாக்கணும்னுதான். பாத்தியா?"

"பாத்தேன்டா" என்பேன்.

பொய். நான் யாரையும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு அறுபது படம் முடிக்க வேண்டிய இடத்தில் யார் முகத்தை யார் பார்ப்பது? ஆள் தெரிந்தால் மண், அவ்வளவுதான். அவன் கேட்ட ஒவ்வொரு ஞாயிறும் இதே பொய்யைச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை, வேலையாட்களை ஏற்றி வந்த படகு கவிழ்ந்துவிட்டது. பத்து நாள் கழித்து அவன் ஒரு பெட்டியில் வந்தான். தண்ணீரில் கிடந்த உடம்பு, திறக்கக் கூடாது என்று கூட வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மாமாதான் போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

சுவரில் மாட்டுவதற்கு அவன் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தேன். அம்மா மாட்ட விடவில்லை.

"மூஞ்சியக்கூட பாக்கல. எவனோ பொட்டிய அனுப்பினான்னு எம் புள்ளைக்கு மாலை போட்டுடுவேனா?"

படம் பீரோவுக்குப் பின்னால் போனது. பதினாறாம் நாள் காரியமும் நடக்கவில்லை. உறவுக்காரர்கள் அம்மாவைத் திட்டினார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

தீவில் எடுக்கிற படம் எங்கள் கைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் இருந்துவிட்டேன். ஒரு நாள் பதினோரு மணி டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து அடுத்த படத்தைத் திறந்தேன். விடியற்கால வெளிச்சம், பச்சைத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள். ஒரு கையில் வாரி, இன்னொரு கை தலைக்கு மேலே.

பெரிதாக்கிப் பார்த்தேன். கிட்டப் போகப் போக முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆனால் இடது தோளைச் சற்று இறக்கி நிற்கிற அந்த நிலை எனக்குத் தெரியாதா? அடுத்த படத்திலும் இருந்தான். அதற்கடுத்த படத்தில் நாலடி முன்னால் வந்திருந்தான்.

போன்களை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும், படங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். முதலாளியிடம் ஒரே ஒரு படம் கேட்டேன். கன்னடத்துக்காரர், நல்ல மனிதர்தான்.

"கான்ட்ராக்ட்ல இல்ல மா. வேணாம்னா சொல்லு, வேற யாராவது செய்யட்டும்."

வேறு யாராவது என்றதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவன் மேல் யாரோ ஒருத்தி மண் போடுவதா? நானே செய்கிறேன் என்றேன். காலிலிருந்து ஆரம்பித்து மேலே போனேன். கை கடைசியாக மறைந்தது.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே "நல்லா இருக்கானா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள். "இன்னிக்கி வந்தானா?"

வந்தான் என்று சொன்னால் இரண்டு தோசை கூட விழும். சில நாள் மூன்று படத்தில் வருவான், சில நாள் வரவே மாட்டான். வராத நாளில் அம்மா, "லீவு போட்டிருப்பான்" என்பாள். எனக்கு வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் காலையில் ஆபீஸில் கணினியைத் திறக்கும்போது. அவன் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பான், நான் மண்ணை எடுத்துக்கொண்டு அவனிடம் போவேன்.

பிறகு படங்கள் தீர்ந்தன. கடைசி நூற்றுக்கணக்கான படங்களில் அவன் இல்லை. அம்மாவின் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் பஸ்ஸில் வரும்போது அடுகோடி சிக்னலில் ஒரு புது விளம்பரப் பலகை கண்ணில் பட்டது. ஏதோ டிராவல் கம்பெனி. ஒரு பஸ் நீளத்துக்கு ஆளில்லாத கரை, நான் சுத்தம் செய்த கரை. தென்னை மரங்களின் நிழல் மணலில் நீண்டு கிடந்தது. அந்த நிழல்களுக்கு நடுவில் ஒரு நிழலுக்குத் தோள் இருந்தது. இடது தோள் இறங்கி, ஒரு கை மேலே தூக்கி.

ஆளை எடுத்தேன், நிழலை விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் முதல் வாரம் செய்கிற தப்பு. மரத்து நிழலோடு கலந்திருந்ததால் முதலாளி கண்ணிலும் படவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், நானே சில நேரம் நம்புவதில்லை.

மறுநாள் வேலை முடிந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகைக்கு எதிரே நின்றேன். நான் விரலால் காட்டவில்லை. அவளே கண்டுபிடித்தாள். ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசிப் போயின. சிக்னல் மூன்று நான்கு முறை மாறியது. நிழலின் கால்கள் மணலில் நின்றிருந்தன, அவற்றுக்கு மேல் யாரும் இல்லை.

"கைய தூக்கியிருக்கான்" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"வரேங்கறானா, போறேங்கறானா?"

என்ன சொன்னால் அவள் சாப்பிடுவாள், தூங்குவாள் என்று எனக்குத் தெரியும். தம்பியிடம் அத்தனை ஞாயிறு சொன்னதைப் போல இதையும் சொல்லிவிடலாம். இந்த முறை பொய் வேண்டாம்.

"போறேங்கறான்மா."

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை விட்டு முன்னால் நடந்தாள். திருப்பத்தில் இருக்கிற பூக்கடையில் நின்று மாலை வேண்டும் என்றாள்.

"சாமிக்கா, போட்டோவுக்கா?" என்று கேட்டார் பூக்காரர். அளவு தெரிந்தால்தான் கட்டித் தர முடியும்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, பீரோவுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடிச் சட்டத்தின் அளவை அவருக்குக் காட்டினாள்.