சம்பளம் இல்லாத படிப்பு

நான் கல்லூரியில் சேர்ந்தது ஒருவனுடைய பல்லை உடைத்ததால். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். மயிலாப்பூர் குளத்தோரம் ஜட்கா ஸ்டாண்டில் எங்கள் குதிரை வண்டிதான் முதலில் நின்றது. இன்னொரு வண்டிக்காரன் முறை தவறிச் சவாரியை ஏற்றிக்கொண்டான். நியாயம் கேட்கப் போன என் அப்பாவைப் பளாரென்று கன்னத்தில் அறைந்தும் விட்டான். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவை அடித்தால் நான் சும்மா இருப்பேனா? அவன் வாயைப் பார்த்து ஒரு குத்து விட்டேன். இரத்தத்தோடு பல் வெளியே வந்தது. எழுந்தான். இன்னொன்று கொடுத்தேன். வண்டிச் சக்கரத்தில் தலை மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்தச் சவாரி ஒரு தனியார் கல்லூரியின் டிரில் மாஸ்டர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். வண்டியை விட்டு இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலீஸில் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எது வரிக்கும் படிச்சிக்கிறே?"

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சார்."

"பாக்சிங் போடுவியா? எங்க காலேஜ்ல சேத்துக்கறேன். சம்பளம் கெடையாது."

அந்த நாளில் கல்லூரிக்கு நாம் கட்டுகிற பணத்துக்கும் சம்பளம் என்றுதான் பெயர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நைனாவுக்கோ விஷயமே புரியவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"இன்னாடா இது? அடியும் வாங்கணும், சம்பளமும் கெடையாதா? இன்னா காலேஜிடா அது?"

"ஐயோ நைனா, அது நாம கட்டற சம்பளம்!"

"அடி வாங்கறவன் எதுக்குடா கட்டணும்? அவன்தானே நமக்குக் குடுக்கணும்?"

ஸ்டாண்டே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எனக்கு வேண்டியது அந்த இரண்டு வருஷ இண்டர்மீடியட் பாஸ், அது ஒன்றுதான். பாஸ் பண்ணினால் ஏதாவது ஒரு ஆபீஸில் நாற்காலி கிடைக்கும். குதிரை நாற்றமில்லாத சட்டை போட்டுக்கொண்டு அதில் உட்காரலாம். அதற்காக யாரிடம் வேண்டுமானாலும் அடி வாங்கத் தயாராக இருந்தேன்.

அந்தக் கல்லூரி லாபத்துக்காக நடக்கவில்லை, தர்மத்துக்காக நடக்கிறது என்று ஆண்டு விழா தவறாமல் சொல்வார்கள். நடத்தியது சொத்துள்ள பெரிய மனிதர்களின் கமிட்டி. ஆனால் வருஷத்துக்கு வருஷம் சேருகிற பையன்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். கோப்பை ஜெயித்துப் பெயர் பத்திரிகையில் வந்தால் பையன்கள் வருவார்கள் என்று கமிட்டி கண்டுபிடித்திருந்தது. படிப்பால் வராத பெயர் என் முஷ்டியால் வரட்டுமாம்! பலே கமிட்டி.

தினமும் மாலையில் அடி. மூக்கில் இரத்தம் வராத நாள் அபூர்வம். அதன் பிறகு ஹாஸ்டல் பின்கட்டில் எனக்குப் பாலும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் கொடுப்பார்கள். ஒரு நாள் ஹாஸ்டல் பையன் ஒருவன் சமையல்காரரிடம், "குதிரைக்குக் கொள்ளு வெச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் தலைமயிரைப் பற்றிச் சுவரில் ஓங்கி மோதினேன். புருவம் கிழிந்து முகமெல்லாம் இரத்தம். வேறு யாராவது செய்திருந்தால் அன்றே சீட்டுக் கிழிந்திருக்கும். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "கைய ஜாக்கிரதையா வெச்சுக்கோப்பா, டோர்னமெண்ட் வந்துண்டிருக்கு" என்றார். அடிபட்டவன் கதி என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் இறுதிப் போட்டி. எதிராளி காளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டே வருகிறவன். இரண்டாவது ரவுண்டில் என் வலது குத்து அவன் நடு மண்டையில் இறங்கியது. சடக்கென்று சத்தம் கேட்டது. உடைந்தது அவன் மண்டை அல்ல, என் கை. வலி தோள் வரைக்கும் ஏறியது. மூலைக்கு வந்து டிரில் மாஸ்டரிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆவல, ஒரே ஒரு ரவுண்டு" என்று கிளவுஸை இன்னும் இறுக்கிக் கட்டினார். அந்தக் கையாலேயே அவன் தாடையில் அடித்தேன். அடிக்க அடிக்க எனக்குத்தான் அலறல் வந்தது. அவன் விழுந்தான். கோப்பையை இரண்டு கையாலும் தூக்கச் சொன்னார்கள். பாவிகளா!

பரீட்சைக்குச் சில வாரம்தான் இருந்தது. வலது கை கட்டுக்குள் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேண்டும் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றேன்.

"அதுக்கு யுனிவர்சிட்டிக்குன்னா எழுதணும்? டைம் எங்கப்பா இருக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற டிரில் மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் எழுதினேன். பதில் எல்லாம் தெரியும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று பக்கம் தாண்டியிருந்தார்கள்.

பேப்பரில் என் நம்பர் வரவில்லை. நைனாவிடம் சொல்ல வாய் வராமல் ஸ்டாண்டில் குதிரையைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போது டிரில் மாஸ்டர் வந்தார், கையில் லட்டுப் பொட்டலத்தோடு.

லட்டைப் பார்த்ததும் நைனா துள்ளினார். "எம்புள்ள பாஸாயிட்டான்டோய்!" என்று கத்திக்கொண்டு பொட்டலத்தைப் பிடுங்கினார். குதிரை வாயில் ஒன்று திணித்தார். நான் பல்லை உடைத்தேனே, அந்த வண்டிக்காரனுக்கும் ஒன்று ஊட்டினார்.

"நைனா, நான் ஃபெயிலு" என்றேன்.

நைனா டிரில் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப லட்டு எதுக்கு?"

"பாஸ் பண்ணா பூடுவான்பா. இப்ப இன்னொரு வருசம் நம்ம கைல கீறான். கப்பும் நம்மள்து. சம்பளம் கெடையாது, நீ ஏன் கவலப்படறே?"

"எழுத ஆளு கேட்டானே, அது ஏன் தர்ல?"

"தந்தா பாஸாயிருப்பானே!" என்று சிரித்தார் மனுஷன்.

நான் இடது கையை மடக்கினேன். அதற்குள் நைனாவின் சாட்டை பேசிவிட்டது. முதல் அடி டிரில் மாஸ்டரைக் காதிலிருந்து தாடை வரைக்கும் கிழித்தது. இரண்டாவது சட்டையோடு தோலையும் எடுத்தது. அவர் கீழே விழுந்து சக்கரத்தடியில் புகுந்தார். நைனா குனிந்து குனிந்து வீசினார்.

"என் குதுரக்கிக் காலு ஒட்ஞ்சா கட்டுப் போட்டு நிறுத்தி வெப்பேன்டா! மேல ஓட்ட மாட்டேன்டா!"

பல் போன வண்டிக்காரன்தான் நைனாவை இழுத்துப் பிடித்தான். டிரில் மாஸ்டர் எழுந்து, குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

நைனாவுக்கு மூச்சு வாங்கியது. என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை.

"போவுது வுடு. நாளைலருந்து வண்டிய நீ ஓட்டு. சம்பளம் நான் தரேன்" என்று சொல்லிச் சாட்டையை என் இடது கையில் கொடுத்தார்.

ரிங்கில் எவனுக்கும் விழாதவன் நான். அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தேன். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஸ்டாண்டே பார்க்க, ஓவென்று அழுதேன்.