ஈவாஞ்சலின் டீச்சரின் ஏலம்

ஈவாஞ்சலின் டீச்சர் ஒரு பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். கழுத்தில் விசில் தொங்குகிறது. "எரநூறுன்னு சொல்லிட்டு எங்கல பாக்க, செல்வின்? இது பூசணிக்காயா தெரியுதா, எலுமிச்சம்பழமா தெரியுதா?" செல்வினுக்குத் தலை நரைத்துவிட்டது, சொந்தமாக மெடிக்கல் ஷாப் இருக்கிறது, ஆனாலும் எழுந்து நின்று முந்நூறு என்கிறார். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் நாசரேத் ஊரில் பாதிப்பேர் விளையாட்டு வகுப்பில் டீச்சர் விரட்டி ஓடியவர்கள். அந்த விசிலைப் பார்த்தால் இன்றைக்கும் அவர்களுக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டீச்சருக்கு இதுதான் வேலை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவர ஊரில் ஒரு சகாய சங்கம் இருக்கிறது. சர்ச்சா கோவிலா என்று யாரும் கேட்பதில்லை. சிறுநீரகம் கெட்டால் வேன் வரும், அவ்வளவுதான். டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை சர்ச் ஹாலில் நடக்கும் இந்த ஏலத்தை விட்டால் வேறு வழியில்லை.

ஏலத்துக்கு முந்திய வாரம் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போவார். காசு நீட்டினால் வாங்கமாட்டார். "ஒங்க வீட்டுல காச்சது, நீங்க செஞ்சது, என்னத்தையாவது குடுங்க. காச அங்கன வந்து குடுங்க" என்பார். வாழைத்தார், கோழி, முறுக்கு, உப்பளத்துக்காரர் ஒருவர் அனுப்பும் உப்பு மூட்டை என்று மேடை நிறைந்துவிடும். ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்; மனசு இருந்தால் மேடைக்கே திருப்பிக் கொடுக்கலாம், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் மூன்று நான்கு பேரிடம் காசு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் குழம்புக்குப் போகும்.

வேனில் போகிறவர்கள் யார் என்று டீச்சர் சொல்லமாட்டார். அவர்களை மேடையேற்றிப் பணக் கவர் கொடுப்பது, போட்டோ எடுப்பது எதுவும் கிடையாது. ஒருமுறை நான் கேட்டுப் பார்த்தேன். "சீக்கு அவங்களுக்கு. அத வச்சு ஒமக்கும் எனக்கும் என்னத்துக்குப் பேரு?" என்றார். பத்திரிகைக்காரன் வாயை அதற்கு முன் யாரும் இவ்வளவு சுலபமாக அடைத்ததில்லை.

இந்த வருஷம் ஏலத்தன்று மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. நாற்காலிகளில் பாதி காலி. இப்படியே போனால் வேன் ஆடி மாதம் வரைகூட ஓடாது என்று சங்கப் பொருளாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு கட்டுப் பனங்கிழங்கு ஏலத்துக்கு வந்தது. கொடுத்தவர் சுடலைச்செல்வி. மார்க்கெட்டில் வாழை இலை விற்பவர். பின்வரிசையில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் வேனில் போகிறவர். டீச்சர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சின்ன ஊரில் வேன் எந்த வீட்டு முன்னால் நிற்கிறது என்பது யாருக்குத்தான் தெரியாது? வேன் நின்றுபோனால் அந்த மனிதர் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போய்வர வேண்டும். அந்த உடம்பு அதைத் தாங்காது.

"பனங்கெழங்கு, நூறு!"

"அஞ்சாயிரம்" என்றார் பால்துரை அண்ணாச்சி. இரும்புக்கடை முதலாளி, தங்கமான மனிதர், எப்போதும் முன்வரிசை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பின்வரிசையை இரக்கத்தோடு பார்த்தார். ஹாலே திரும்பிப் பார்த்தது. சுடலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் விசிலை ஊதினார். "அண்ணாச்சி, கெழங்குக்கு வெல கேளுங்க. இது அவிச்சுத் திங்கிய கெழங்கு."

"நல்லதுக்குத்தான டீச்சர் சொல்லுதேன்? வேனு ஓடணும்லா?"

"அது ஓடும். நூத்தம்பது யாரு?"

கிழங்கு நூற்று எண்பதுக்குச் செல்வினிடம் போனது. மார்க்கெட்டில் போகிற விலைதான், கொஞ்சம் கூடுதல். வந்த ஐயாயிரத்தை இப்படி விட்டுவிட்டாரே என்று பொருளாளர் நெற்றியில் கை வைத்தார்.

டீச்சர் மேடையை விட்டு இறங்கினார். அண்ணாச்சியின் நாற்காலியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏறினார்.

"அடுத்தது, கொடை! வெளிய மழையப் பாத்துக்கிடுங்க. அண்ணாச்சி காரு ரோட்டு முக்குல நிக்கி. யாரு கேக்கிய?"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. ஆளாளுக்கு ஏற்றினார்கள். "என் கொடைய எனக்கே விக்கியளே!" என்று கத்திக்கொண்டே அண்ணாச்சியும் விடாமல் கேட்டு, ஏழாயிரத்துக்கு எடுத்தார். அந்தச் சூட்டில் மற்றவர்களுடைய குடைகளும் ரெயின்கோட்டுகளும் மேடையேறி, சொந்தக்காரர்களிடமே நல்ல விலைக்குத் திரும்பிப் போயின. பொருளாளர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். கடைசியில் அண்ணாச்சி தன் குடையை மேடைக்கே நீட்டினார். "இன்னொருக்கப் போடுங்க டீச்சர். நனைஞ்சா கரைஞ்சா போயிருவேன்?"

"கம்பி ஒண்ணு வளைஞ்ச கொடை. யாரு கேக்கிய?"

"அம்பது ரூவா."

சுடலைச்செல்வி எழுந்து நின்றிருந்தார்.

"அவளுக்குச் சும்மா குடுத்துருங்க டீச்சர், பாவம்" என்றது ஒரு குரல். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஐம்பது என்று மூன்று தரம் ஹால் முழுக்கக் கேட்கும்படி கூவினார். கூட விலை கேட்க ஆள் உண்டா என்று நிஜமாகவே சுற்றிப் பார்த்தார். பிறகு பின்வரிசை வரை நடந்துபோய், ஒரு கையால் குடையை நீட்டி, மறு கையை ரூபாய்க்காக விரித்துப் பிடித்தார்.