நூற்றுப்பன்னிரண்டாம் மரம்

எங்கள் குளியலறையின் பின்சுவரில் ஒரு மரக்கட்டை சாய்ந்து நிற்கிறது. என் இடுப்பு உயரம் இருக்கும். ஒரு பக்கம் ரம்பம் அறுத்த தட்டையான முகம். மறுபக்கம் வளைந்து, வெடிப்போடிய பட்டை. பட்டைப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். அதில் ஓர் எண் இருக்கிறது: 112. அடியில் சிவப்பு, அதன்மேல் நீலம். சிவப்பு என் கை. நீலம், எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுத்த இஸ்திரி அக்காவின் கை.

போன வருடம் குளிர் தொடங்கும்போது, வெந்நீருக்கு, மரம் அறுக்கும் சாமில்லில் ஓரக்கட்டை வாங்கலாமா என்று அப்பா கேட்டதில்தான் இது வீட்டுக்குள் வந்தது. தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதியில், கண்ணாடி அலுவலகங்களுக்குப் பின்னால் எங்கள் வீடு. குளியலறை மூலையில் செங்கல் அடுப்புக்குள் பதித்த செம்பு அண்டா இருக்கிறது. வெளியிலிருந்து விறகு போட்டால் தண்ணீர் காய்வதோடு அடுத்த அறையின் சுவரும் சூடாகும். அம்மா மூட்டுவலிக்கு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். கீசர் இருக்கிறது. ஆனால் கீசர் சுவரைச் சூடாக்காது. வழக்கமாக விறகு கொடுத்துவந்த கடை மூடிவிட்டதால், ஆனேக்கல் போகும் வழியில் இருக்கும் சாமில்லை யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். மரத்தைப் பலகையாக அறுப்பதற்கு முன் பட்டையோடு கழித்துப் போடும் ஓரங்களை அங்கே லோடாகக் கொடுப்பார்களாம்.

நான் எதையும் பட்டியல் போடாமல் முடிவு செய்கிறவள் இல்லை. ஈரம் எவ்வளவு இருக்கும், பட்டை அதிகமானால் புகை அம்மாவின் அறைக்குள் வருமா, சீக்கிரம் எரிந்து தீருமா, அடுக்க இடம் உண்டா, கரையான் வருமா, மருந்து அடித்த மரம் கலந்திருக்குமா என்று ஒரு தாளில் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து, "வெந்நீர் போடறதுக்கு டெண்டர் விடறியா?" என்றார். காய்ந்திருந்தால் வாங்கலாம் என்றது பட்டியல். காய்ந்திருக்கிறதா என்று பார்க்க இருவரும் போனோம்.

சாமில்லின் பின்பக்கம் ஓரக்கட்டைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. ஒன்றோடொன்று தட்டி ஓசை கேட்டுப் பார்த்தேன்; நன்றாகக் காய்ந்திருந்தன. மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இழுத்த கட்டையில் நீல எழுத்து தெரிந்தது. இரண்டின் வாலை நீட்டி மேலே சுழித்துவிட்டிருந்த விதத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. பட்டையில் நான்கு ஆணிகள் இருந்தன. ஆணி ரம்பத்தின் பல்லை உடைத்துவிடும் என்பதால் அந்தப் பக்கத்தைத் தடிமனாகக் கழித்து விறகுக்குப் போட்டுவிடுவோம் என்று அங்கிருந்தவர் சொன்னார். அப்பா மேல்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எதையும் சொல்லவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்த புதிதில், சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னால் மரங்களைக் கணக்கெடுக்கும் பணி எனக்கு வந்தது. எங்கள் தெருமுனையும் அதில் அடக்கம். அங்கே நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில்தான், நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து இஸ்திரி அக்காவின் வண்டி. அவருக்குத் திருப்பத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நீலசந்திராவில் குடியிருந்தார். கரிப்பெட்டியைத் தூக்கும் வலது கை இடது கையைவிடப் பருத்திருக்கும். துணியை மடித்து முடித்ததும் சட்டைக் காலரை ஒரு தட்டுத் தட்டுவார், குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல. தெருவில் யாருக்கு வேலை போனது, எந்த வீட்டில் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்பதையெல்லாம் சட்டைகளின் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடுவார். மரத்தில் அடித்த நான்கு ஆணிகளில் இரண்டில் தார்ப்பாய்க் கயிறு, ஒன்றில் பை, ஒன்றில் சாமி படம்.

மஞ்சள் மேலங்கியும் சாய டப்பாவுமாக நான் போய் நின்றபோது, "என்ன பாப்பா, மரத்துக்கு ஊசி போட வந்துட்டியா?" என்று சிரித்தார்.

"நம்பர் போட வந்திருக்கேங்க்கா."

"எதுக்கு?"

"கணக்கெடுக்கறோம்."

அவ்வளவுதான் சொன்னேன். பட்டையைச் சுரண்டி எண்ணை எழுதும்போது அவரே வண்டியைத் தள்ளி நகர்த்தி, நான் ஏறி நிற்கக் கல் போட்டார். பக்கத்தில் பூ விற்றவரிடம், "ரேஷன் கார்டுக்கு நம்பர், வீட்டுக்கு நம்பர், இப்ப என் ஜாகாவுக்கும் நம்பர் வந்தாச்சு. இனிமே எவன் வந்து எழுப்புறான்னு பாக்கறேன்" என்றார். இந்த ஊரில் எண் விழுந்தால்தான் இருப்பு. எண் இல்லாத வீட்டைத்தான் இடிப்பார்கள் என்று பார்த்துப் பழகியவர் அவர். அந்த நேரத்தில் அவரைத் திருத்தியிருக்கலாம். சாய டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கெடுப்புப் படிவம் எனக்கு இன்னும் மனப்பாடம். மரத்தின் வகை, சுற்றளவு, உயரம், நிலை. யார் அதன் கீழே இருக்கிறார்கள் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. கடைசியில் குறிப்பு என்று ஓர் இடம் இருந்தது. அதில் நான் எழுதியது: ‘தண்டில் ஆணிகள் நான்கு, கயிறு அறுத்த தடம், கரிப்புகை.’ அதனால் நிலை என்ற கட்டத்தில் ‘மோசம்’. நல்ல நிலையில் உள்ள மரங்களுக்காகச் சாலை போகும் தடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்ப்பார்கள், மோசமானவற்றுக்குப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் எழுதியதில் பொய் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

ஆயுத பூஜைக்கு இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு வைக்கும்போது அக்கா மரத்துக்கும் வைப்பார். அந்த வருடம், மழையில் வெளுத்திருந்த எண்ணின்மேல், வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தால் திரும்ப எழுதினார். அடுத்த வருடமும் எழுதினார். வெட்ட வந்தவர்கள் கையில் எண்களின் பட்டியல் இருந்தது. எங்கள் வரிசையில் பாதி மரங்களின் எண்கள் அழிந்துவிட்டதால் அவற்றைத் திரும்ப அளக்க வேண்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். சில இன்றும் நிற்கின்றன. நூற்றுப்பன்னிரண்டு பளிச்சென்று இருந்தது. அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். அப்பா போனில் சொன்னார்.

பிறகு அக்கா ஒரு மதில் ஓரமாகக் குடை கட்டி நின்றார். அந்த வீட்டுக்காரர் எழுப்பினார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நின்றார். அங்கிருந்தும் எழுப்பினார்கள். கடைசியில் வண்டியை விட்டுவிட்டு, வியாழக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து, பழைய நாலைந்து வீடுகளில் மூட்டை கட்டி நீலசந்திராவுக்கு எடுத்துப் போய்த் தேய்த்துக் கொண்டுவந்தார்.

சாமில்லில் நான் நின்ற நேரம் அதிகமில்லை. வாங்காவிட்டால் வேறு யாரோ எரிப்பார்கள். வாங்கினால் நாங்கள் எரிப்போம். பட்டியலில் இதற்கு வரி இல்லை. அம்மாவின் சுவர் நினைவுக்கு வந்தது. லோடு சொன்னோம். வீட்டில் வந்து இறங்கியதும் அந்தக் கட்டையை மட்டும் தனியே எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.

ஒரு வியாழக்கிழமை நான் துணி எடுத்துவர உள்ளே போய்த் திரும்பியபோது, அக்கா பின்கட்டில் கட்டையைத் திருப்பி வைத்து, முந்தானையால் எண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம நூத்திப்பன்னெண்டு" என்றார். "வெந்நீருக்கா? நல்லா நின்னு எரியும். ஆணி இருக்கு, கையில குத்திக்காதே." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன் பாப்பா. நம்பர் போடறப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அதான். நானும் எல்லார்கிட்டயும் அதான் சொன்னேன். பூக்காரிகூடப் பெரிய சண்டையே ஆச்சு. நான் பார்த்து வளர்ந்த பொண்ணு, தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்காதான்னு."

மூட்டையைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னார். ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்தான் வந்தார். மூட்டையோடு பஸ் ஏற முடியவில்லை என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். நீலசந்திரா இங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. போய்ச் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியைத் தாண்டி எனக்கே வாசிக்க வரவில்லை.

இன்று காலை அப்பா பல் தேய்த்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தார். "இந்த வருஷமும் லோடு சொல்லிடலாமா?" என்றார். சொல்லலாம் என்றேன். காலால் கட்டையைத் தட்டினார். "இது ஒரு வருஷமா எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. முதல்ல இதை உள்ள தள்ளு."

"வேண்டாம்ப்பா. ஆணி இருக்கு."

"பிடுங்கிட்டாப் போச்சு. எத்தனை இருக்கு?"

"நாலு" என்றேன். கட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.